பொறியில் அகப்பட்ட தாய்ச் சுண்டெலி: ஒரு வீட்டு நிகழ்வின் ஆய்வு

வீட்டுக்குள் வந்த சுண்டெலியைக் கொல்லாமல் பிடித்து வெளியே விட நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எந்தப் பொறி, என்ன இரை என்றுதான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். பிடிபட்டது ஆணா பெண்ணா, அதை நம்பி வீட்டுக்குள் குட்டிகள் இருக்கின்றனவா, எங்கே கொண்டுபோய் விட்டால் அது பிழைக்கும் என்பதெல்லாம் பொறியின் கதவு விழுந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அப்படி நினைவுக்கு வந்த ஒரு வீட்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தார் சம்மதித்துவிட்டார்கள். பெயரும் தெருவும் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் அதே பகுதியில் இருப்பவள். அடிபட்ட அணில், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு என்று எதையாவது பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால் இடையில் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்ததை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

பின்னணி

ஸ்ரீரங்கத்தில் அடுத்தடுத்த வீடுகளோடு சுவர் ஒட்டிக் கட்டிய பழைய ஓட்டு வீடு அது. முன்னால் திண்ணையும் ரேழியும், நடுவில் முற்றம், பின்னால் பிற்காலத்தில் சிமென்டில் எடுத்துக் கட்டிய சமையலறை. சமையலறையைத் தாண்டினால் கொல்லை. அங்கே கிணறும், இப்போது யாரும் பயன்படுத்தாத விறகு அறையும் இருக்கின்றன. கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், தவழும் வயதில் ஒரு பையன், பாட்டி என்று ஐந்து பேர்.

ஆவணி மாதம் பக்கத்து வீட்டை இடித்தார்கள். இடித்த செங்கல்லும் மரமும் பொதுச் சுவரை ஒட்டிக் குவிந்து கிடந்தன. பழைய வீடு இடியும்போது அதில் குடியிருந்த எலிகள் பக்கத்து வீடுகளுக்குப் போவது வழக்கம்தான். அதோடு ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. வளைகளில் தண்ணீர் புகுந்தால் அவை காய்ந்த இடம் தேடி மேலே ஏறிவிடும்.

இந்த வீட்டுக்கு எலி புதிதல்ல. முந்தின வருடம் பசை அட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பல்லியும் ஒரு சிறிய எலியும் ஒட்டிக்கொண்டன. எலி இரவு முழுக்கக் கத்தியது. காலையில் அது உயிரோடுதான் இருந்தது. காலை இழுத்து இழுத்துத் தோல் உரிந்திருந்தது. சமையல் எண்ணெய் விட்டு மெதுவாகத் தடவினால் பசை இளகும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. அட்டையோடு மடித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த மகள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாய் சொன்னார். இந்த வருடம் முதல் புழுக்கை கண்ணில் பட்டபோதே மகள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அந்த அட்டை வேண்டாம்.

அவள் கேட்டது நியாயம். பசை அட்டையில் சிக்கியது உடனே சாவதில்லை. பசியாலும் தாகத்தாலும் மூச்சுத் திணறியும் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் கிடந்து சாகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, பல மாநிலங்கள் தடையும் விதித்திருக்கின்றன. தேவையில்லாத வலியையும் வேதனையையும் தருவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அப்படியும் கடைகளில் அது தாராளமாகக் கிடைக்கிறது.

கவனித்தவை

நவராத்திரி முடிந்து கொலுவை எடுத்து வைத்த சில நாளில், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் புழுக்கைகள் தென்பட்டன. சீரகம் அளவில், இரு முனையும் கூராக, கறுப்பாக இருந்தன. பெரிய எலியின் புழுக்கை இதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருக்கும். துவரம்பருப்புப் பொட்டலத்தின் மூலையில் சிறு ஓட்டை. அடுப்படி மேடைக்குக் கீழே கரித்துணி ஒன்று நார் நாராகக் கிழிந்து கிடந்தது.

பாட்டிக்கு அது மூஞ்சூறு என்று தோன்றியது. பிள்ளையாருக்கு வாகனம், அதை ஒன்றும் செய்யக் கூடாது என்றார். இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது முக்கியம். மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பான் பூச்சியையும் மற்றப் பூச்சிகளையும் தின்று வாழும். கிட்டப் போனால் கடுமையான வாடை அடிக்கும். நீண்ட மூக்கும் கீச்சுக் கீச்சென்ற சத்தமும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். வந்தது அதுவாக இருந்தால் பருப்புப் பொட்டலத்தைத் தேடிக் கொறித்திருக்காது. பெரும்பாலும் தானாகவே வந்த வழியில் போய்விடும், பொறியே தேவைப்படாது. ஆனால் இங்கே வாடை இல்லை, தானியம் கொறிபட்டிருந்தது. அப்போது சுண்டெலிதான்.

எந்த வழியாக வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் ஓரமாகக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வைத்தாள். கல்லை இடித்துச் செய்த வெள்ளைப் பொடி, எலி அதைத் தின்னாது. காலையில் பொடியில் சின்னச் சின்னக் காலடிகளும் நடுவில் வால் இழுபட்ட கோடும் தெரிந்தன. சுண்டெலிக்குப் பார்வை மங்கல். மீசையால் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓரமாகத்தான் ஓடும். அதனால் பொடியைத் தரை முழுக்கக் கொட்ட வேண்டியதில்லை, சுவர் ஓரம் போதும். காலடிகள் சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு கொத்தாகவும், பரணுக்குக் கீழே உள்ள மூலையில் ஒரு கொத்தாகவும் இருந்தன. சிங்க் பக்கம் போவது வெளியே போகும் வழி என்பது எளிதாகப் புரிந்தது. பரண் மூலையில் ஏன் அத்தனை நடமாட்டம் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்ன செய்வதென்று முடிவெடுத்தது

எலி மருந்து வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. கணவர் அலுவலகத்தில் ஒருவர் கேக் மருந்து சொல்லியிருக்கிறார். அந்தக் கேக்கில் பெரும்பாலும் இருப்பது புரோமடியோலோன். ரத்தம் உறைவதைத் தடுத்து, தின்ற எலியைச் சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகவைப்பது. அது சுவருக்குள்ளோ ஓட்டுக்கடியிலோ போய்ச் செத்தால் நாற்றம் தாங்காது. மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பூனையோ கூகையோ பிடித்துத் தின்றால் விஷம் அதற்கும் போகும். தவழும் குழந்தை இருக்கும் வீடு என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைத் தாய் மறக்கவில்லை. மருந்து வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அடித்துக் கொல்லும் ஸ்பிரிங் பொறியும் ஒரு வழிதான். அதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஸ்பிரிங் உள்ள பொறி, சரியான இடத்தில் வைத்தால், நொடியில் கொன்றுவிடும். பசை அட்டையோடும் விஷத்தோடும் ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். உயிரோடு பிடிக்கும் பொறியில் எலியை மறந்து விட்டுவிடுவது அதைவிடக் கொடுமை. சின்ன உடம்பு, வேகமாகச் சூடு இழக்கும். பசியோடும் பயத்தோடும் ஒரு ராத்திரி கிடந்தாலே செத்துப்போகலாம். ஆக, உயிரோடு பிடிப்பேன் என்று சொல்பவர் இரவில் எழுந்து பார்க்கவும் தயாராக இருக்க வேண்டும். இந்த வீட்டில் அதற்கு ஆள் இருந்தார்கள். மகள் அலாரம் வைத்தாள், கணவரும் எழுந்தார்.

பிடிப்பதற்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்தார்கள். அரிசி, பருப்பு, கடலை எல்லாம் எவர்சில்வர் டின்களுக்குப் போயின. ராத்திரி சிங்கில் எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது என்று முடிவானது. அப்புறம் துளைகளை அடைத்தார்கள். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழைகிற இடமெல்லாம் அதற்குக் கதவு. ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, கதவுக்கடி, மின்கம்பிக் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம் எல்லாவற்றிலும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினார்கள். வெறும் சிமென்டையோ துணியையோ வைத்து அடைத்தால் கொறித்துவிடும். இரும்பு நார் பல்லில் மாட்டும். சாக்கடைத் துளைக்கு இரும்புச் சல்லடை போட்டார்கள்.

சிங்க் குழாய்த் துளையை மட்டும் அடைக்கவில்லை. உள்ளே ஒன்று இருக்கும்போது எல்லாத் துளையையும் அடைத்தால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புது வழி தேடி மரத்தையும் மின்கம்பியையும் கொறிக்கும். ஒரு வழியை விட்டுவைத்து, அதன் பக்கத்தில் பொறி வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

பொறி

முதலில் இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கி வந்தார்கள். காலையில் பார்த்தால் கதவு விழுந்திருந்தது, இரை போயிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கூண்டைச் சுற்றிலும் கோலப்பொடியில் காலடிகள். பெரிய எலிக்காகச் செய்த கூண்டு அது. கம்பிகளுக்கு நடுவில் சுண்டெலி தாராளமாக வெளியேறிவிடும். சுண்டெலிக்கு நுணுக்கமான வலை போட்ட கூண்டு வேண்டும், இல்லாவிட்டால் மூடிய பெட்டி வேண்டும்.

பாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து வந்த மரப் பொறி ஒன்று விறகு அறையில் கிடந்தது. நீளமான மரப் பெட்டி. இரையைத் தொட்டதும் ஸ்பிரிங் விடுபட்டு முன்கதவு அறைந்து மூடும். பின்பக்கம் காற்றுக்காகக் கம்பிவலை. வலை கிழியாமல் இருந்தது, இடைவெளியும் சின்னதுதான். ஆனால் கதவின் விசை பலமாக இருந்தது. எலி பாதி நுழைந்திருக்கும்போது விழுந்தால் வாலோ பின்னங்காலோ நசுங்கும். கதவின் விளிம்பில் தடித்த துணியை மடித்து ஒட்டினார்கள், இரை மாட்டும் கொக்கியை இன்னும் உள்ளே தள்ளினார்கள். இரண்டும் சின்ன வேலைதான், ஆனால் மரப் பொறியில் வால் அறுந்த எலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொறியை உடனே விசையேற்றவில்லை. கதவைத் திறந்தே கட்டி, உள்ளே இரை போட்டுச் சில இரவு விட்டார்கள். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும், சுண்டெலி ஆர்வத்தோடு வந்து பார்க்கும். ஆனாலும் பயமில்லாமல் உள்ளே போய்த் தின்று பழகினால், விசையேற்றும் இரவில் அது முழு உடம்போடு உள்ளே போகும். இரையாக அடுப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லும் வறுத்த நிலக்கடலையும். பல வீடுகளில் கருவாடு வைப்பார்கள், இந்த வீட்டில் அது புழங்குவதில்லை. வாட்டிய தேங்காயின் வாசனையே போதுமானதாக இருந்தது. பொறிக்குள் கிழித்த பழைய பருத்தித் துணி கொஞ்சம், நீருக்காக வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்று. சூடும் ஈரமும் கிடைத்தால் அகப்பட்டது விடியும்வரை தாங்கும்.

பிடிபட்ட காலை

விசையேற்றிய இரவில் பொறியைப் படுக்கும்போது பார்த்தார்கள், நள்ளிரவுக்கு மேல் ஒரு தடவை பார்த்தார்கள். வெளுக்கும் முன் பார்த்தபோது கதவு விழுந்திருந்தது.

கணவர் பைக்கை வெளியே எடுத்துவிட்டார். கொள்ளிடக் கரைக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகத் திட்டம். தூரமாக விட்டால் திரும்பி வராது என்பது அவர் கணக்கு. கிளம்பும் முன் மகள் எலியைப் பார்க்க வேண்டும் என்றாள். பொறியின் வாயை ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடியோடு பொருத்தி, துணியால் மூடி, எலியை ஜாடிக்கு மாற்றினார்கள். ஜாடியைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தபோது தாய் கவனித்துவிட்டார். வயிற்றில் வரிசையாகக் காம்புகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் முடி தேய்ந்து தோல் தெரிந்தது. படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். பால் கொடுக்கும் எலிதான், சந்தேகமே இல்லை. குட்டிகள் வாய் வைத்துச் சப்பிய இடம் அப்படித்தான் முடி உதிர்ந்திருக்கும்.

சுண்டெலி மூன்று வாரம் வயிற்றில் சுமக்கும். ஒரு ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள்வரை சாதாரணம். பிறக்கும்போது ரோமம் இல்லை, கண் திறந்திருக்காது. இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வார அளவில்தான் பாலை மறக்கும். அதற்கு முன் தாயைக் கொள்ளிடக் கரையில் விட்டால் குட்டிகள் எங்கோ ஒரு மூலையில் பசித்துச் சாகும். பசை அட்டை வேண்டாம் என்று ஒதுக்கிய வீட்டில் அதே சாவு கண்ணுக்குத் தெரியாமல் நடந்திருக்கும்.

கொள்ளிடக் கரை வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் கணவரிடம் சொன்னேன். வீட்டில் பிறந்து வளர்ந்த சுண்டெலிக்கு வெட்டவெளி தெரியாது. வளை இல்லை, உணவு எங்கே என்று தெரியாது. பகலில் விட்டால் காக்கையே தூக்கிவிடும். அது சம்பா பயிர் நிற்கும் காலம், அந்தப் பக்கம் வாழைத் தோட்டங்களும் இருக்கின்றன. நம் வீட்டுத் தொல்லையை ஒரு விவசாயியின் வயலில் கொண்டுபோய் இறக்குவதை நான் ஒரு நாளும் ஒப்பமாட்டேன். பிடித்த இடத்துக்கு அருகிலேயே, மறைவான இடத்தில், வீட்டுக்குள் திரும்ப முடியாதபடி அடைத்துவிட்டு விடுவதுதான் எலிக்கும் நல்லது, மற்றவருக்கும் நல்லது.

குட்டிகள் எங்கே

இனி என்ன செய்யலாம் என்று நின்றுகொண்டே பேசினோம். தாயைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு, குட்டிகள் பாலை மறக்கும்வரை பொறுத்து, பிறகு எல்லாவற்றையும் பிடிப்பது ஒரு வழி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுண்டெலி குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி சினையாகிவிடும். இந்தக் குட்டிகள் வளர்ந்து முடிக்கும் நேரத்தில் அடுத்த ஈற்று வந்து நிற்கும். குட்டிகளும் ஆறு வார அளவில் இனப்பெருக்கத்துக்குத் தயார். பொறுப்பது என்பது இந்த வீட்டில் எலிக்கூட்டத்தை வளர்ப்பதாகிவிடும். குட்டிகளைத் தேடி எடுத்துத் தாயோடு சேர்த்து வெளியே மாற்றுவதே சரி என்று பட்டது.

தேடுவதற்கு நேரம் குறைவு. நள்ளிரவுக்குப் பிறகு குட்டிகள் பால் குடித்திருக்க வாய்ப்பில்லை. அதனால் தாயை உடனே சமையலறையிலேயே விட்டு, எங்கே போகிறது என்று பார்ப்பதாக முடிவெடுத்தோம். சிங்க் குழாய்த் துளையை அதற்கு முன் தற்காலிகமாகத் துணியும் செங்கல்லும் வைத்து அடைத்தோம். குழந்தையைப் பாட்டி ரேழிக்குத் தூக்கிக்கொண்டு போனார். விளக்கை அணைத்துவிட்டுக் கதவோரம் அசையாமல் நின்றோம். ஜாடியைச் சாய்த்ததும் அது வெளிவந்து ஒரு நொடி நின்றது. அப்புறம் சுவர் ஓரமாக ஓடி, மின்கம்பிக் குழாயைப் பற்றிக்கொண்டு நேரே பரணுக்கு ஏறியது.

பரணில் கொலுப் பொம்மைகள் இருக்கும் தகர டிரங்குப் பெட்டி இருந்தது. அடிப்பக்கம் ஒரு மூலை துருப்பிடித்து விரலளவு ஓட்டை. பொம்மைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வைக்கோலும் பழைய வேட்டித் துணியும் செய்தித்தாளும் அடைத்திருந்தார்கள். ஒரு சுண்டெலிக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடைக்காது: இருட்டு, சூடு, படுக்கைக்குத் துணி, கீழே உணவு.

மகள் பெட்டியைத் திறந்து பார்க்கத் துடித்தாள். வேண்டாம் என்றேன். மூடியைத் திறந்தால் தாய் குதித்து ஓடிவிடும். மனிதர் வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று சொல்வது பெரும்பாலும் மிகைதான். ஆனால் கூட்டைக் கலைத்து மிரட்டினால் சுண்டெலி தன் குட்டிகளையே கொன்றுவிடுவது உண்டு. பகலில் பால் கொடுக்கும் தாய் கூட்டில்தான் அதிக நேரம் இருக்கும். அதனால் உச்சிவேளைவரை சமையலறைப் பக்கம் யாரும் போகாமல் காத்திருந்தோம். மதிய உணவு முற்றத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்தார்கள். பிறகு கணவர் ஏணி போட்டு ஏறி, துரு ஓட்டையை மடித்த துணியால் அடைத்து, பெட்டியைச் சாய்க்காமல் இறக்கினார். உள்ளே லேசான சத்தம் கேட்டது. தாய் உள்ளேதான் இருந்தது.

இடம் மாற்றியது

கொல்லையில் இருந்த விறகு அறை முன்பே யோசித்து வைத்த இடம். கூரை ஒழுகாது, கதவு மூடும், பூனை நுழையாது, கதவுக்கடியில் சுண்டெலி போய் வர இடைவெளி உண்டு. பெட்டியைச் செங்கல் மேல் வைத்து, துணியை உருவிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டோம். முதல் இரவுக்கு மட்டும் ஒரு கைப்பிடி கம்பும் ஒரு மூடித் தண்ணீரும் வைத்தார்கள். தினமும் வைத்தால் அக்கம்பக்கத்து எலிகளெல்லாம் அங்கே வரும் என்பதால் அதற்கு மேல் வைக்கவில்லை.

சமையலறையில் சிங்க் குழாய்த் துளையை மறுபடி திறந்து, பக்கத்தில் அதே மரப் பொறியை வைத்தார்கள், ஏனென்றால் குட்டிகளுக்குத் தகப்பன் என்று ஒன்று இருக்குமே. ஓரிரு இரவில் அதுவும் அகப்பட்டது. கீழிருந்து பார்த்து ஆண்தான் என்று உறுதி செய்துகொண்டு, அந்தி சாயும் நேரத்தில் விறகு அறையின் பின்பக்கம் விட்டார்கள். பகலில் விடாததற்குக் காக்கைதான் காரணம். பொறியின் வாயைச் சுவரோடு ஒட்டி வைத்து, கதவைத் தூக்கிவிட்டு விலகி நின்றால் அதுவாக வெளியேறும். குலுக்கிக் கொட்டக் கூடாது. அன்றைக்கே குழாய்த் துளை இரும்பு நாரும் சிமென்டும் வைத்து நிரந்தரமாக அடைபட்டது.

சுத்தம் செய்தது

இது பலர் விட்டுவிடும் பகுதி. எலிப் புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டார்கள். பரணையும் சிலிண்டர் மூலையையும் இரண்டு முறை துடைத்தார்கள். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக, காலில் உள்ள சின்னக் காயத்தில்கூட நுழையும். மழைக்காலத்தில் கொல்லைக்குப் போகும்போது எல்லோரும் செருப்புப் போட வேண்டும் என்று பாட்டியிடமும் சொல்லிவைத்தோம். பொறியையும் கழுவி வெயிலில் காயவைத்தார்கள்.

என்ன ஆயிற்று

விறகு அறைக் கதவுக்கடியில் மகள் தூவிய கோலப்பொடியில் மறுநாள் காலை காலடி இருந்தது. தாய் போய் வந்துகொண்டிருந்தது. சில நாள் கழித்துப் பெட்டியின் மூடியை விரலளவு தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது, வேட்டித் துணிக்கு நடுவில் ஆறு குட்டிகள் தெரிந்தன. ரோமம் முளைத்தவை. நான்கின் கண் அப்போதுதான் திறந்திருந்தது. இரண்டு இறந்து கிடந்தன. இடம் மாற்றிய அதிர்ச்சியாலா, தாய் இல்லாத அந்த இரவில் சூடு குறைந்ததாலா என்று சொல்ல முடியாது. பொறியில் தாய் இருந்த நேரம் இதில் பங்கு வகித்திருக்கும் என்றே நினைக்கிறேன். மகளிடம் இதை மறைக்கவில்லை. இரண்டையும் அவளே முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

அடுத்த முறை பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. நான்கும் தாயோடு போயிருந்தன. பொம்மைகளை வெளியே எடுத்தபோது, காகிதக் கூழில் செய்த பழைய பொம்மைகள் மூன்று கொறிபட்டிருந்தன. பாட்டியின் சீர்வரிசையில் வந்தவை. அவருக்கு அது வருத்தம்தான். மண் பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கார்த்திகையிலும் மார்கழியிலும் சமையலறையில் தூவிய பொடி கலையாமல் இருந்தது. கொல்லையில் சுண்டெலியை ஒன்றிரண்டு முறை பார்த்தார்கள். பின்சுவருக்கு அப்பால் இருக்கும் வீட்டம்மா விஷயம் கேள்விப்பட்டு, "உங்க வீட்டு எலிய இந்தப் பக்கம் விட்டா எங்க அடுப்படிக்கு வராதாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கணவர் மீதமிருந்த இரும்பு நாரையும் சிமென்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அங்கே இருந்த குழாய்த் துளைகளையும் அடைத்துக் கொடுத்தார். இடித்த வீட்டுக்காரரிடம் பேசி, சுவரோடு குவிந்திருந்த செங்கல்லையும் அப்புறப்படுத்தச் செய்தார்கள். எலி குறைய இந்த இரண்டும் பொறியைவிட அதிகம் உதவியிருக்கும்.

எதை மாற்றிச் செய்யலாம்

கோலப்பொடியில் பரண் மூலைக் காலடிகள் தெரிந்த அன்றே பரணைப் பார்த்திருக்க வேண்டும். கிழிந்த கரித்துணி இன்னொரு அடையாளம். எலி துணியையும் காகிதத்தையும் நார் நாராகக் கிழிப்பது பெரும்பாலும் கூடு கட்டத்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கூட்டை முதலில் கண்டுபிடித்திருந்தால், தாயைப் பொறியில் அடைக்காமல் பெட்டியோடு நேரே மாற்றியிருக்கலாம். அந்த இரண்டு குட்டிகள் பிழைத்திருக்கக்கூடும்.

பொறி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை விடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முடியாத இரவில் விசையை இறக்கி, கதவைத் திறந்து கட்டிவிட்டுத் தூங்கலாம். பிடிபட்ட எலியை எங்கேயும் கொண்டுபோகும் முன் ஜாடியின் அடிவழியாக வயிற்றைப் பார்ப்பதை யாரும் தவிர்க்க வேண்டாம். அரை நிமிட வேலை அது.

பின்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் துளைகளை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் கொல்லையில் விட்டிருக்க வேண்டும். கொல்லை இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அங்கே எல்லா வீடுகளும் சேர்ந்து குழாய்ச் சந்துகளை அடைத்து, குப்பையையும் மூடி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒரு வீடு மட்டும் பிடித்து விடுவதில் பயன் குறைவு.

டிரங்குப் பெட்டியின் துரு மூலைக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. வைக்கோலுக்குப் பதிலாக ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனி டப்பாவில் வைப்பதாக வீட்டம்மா சொல்கிறார். பொதுச் சுவரில் மழை பெய்தால் பூச்சு உதிரும் இடம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைப் பார்க்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.